ஜெயம்மாவின் வலது கை

ஜெயம்மாவிடம் நான் மூன்று தடவை அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் இதைச் சொல்லிக்கொள்ள யாரும் வெட்கப்பட மாட்டார்கள். அவள் கையால் அடி வாங்காத ஆம்பிளை யார் என்று தேடினால்தான் கஷ்டம். ஆள் என்னவோ ஒல்லி. புடவைதான் தனியாக நடந்து வருகிறதோ என்று தோன்றும். ஆனால் பதினைந்து வயதிலிருந்து தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து, ஊடை நூல் நாடாவை ஓட்டும் கயிற்றை நாளெல்லாம் வெட்டி வெட்டி இழுத்த வலது கை அது. ஓங்கினால் இறங்காமல் திரும்பியதில்லை.

அந்தக் கை எதற்கு ஓங்கும் என்பதும் திருத்தணியில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவள் தம்பி வேதாசலத்தை யாரும் அடிக்கக் கூடாது. கேலி பண்ணினால் வாயாலேயே பதில் சொல்லிவிடுவாள். திட்டினால் திருப்பித் திட்டுவாள். அடித்தால் மட்டும் அடி விழும். அவள் வாழ்க்கையில் இருந்த ஒரே சட்டம் இதுதான்.

வேதா பிறந்ததே வேறு மாதிரி. சின்னக் காது, மேல்நோக்கி இழுத்த கண், வாய்க்குள் அடங்காத நாக்கு, கட்டை விரல்கள். அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஜெயம்மா நைனா என்று கூப்பிடும் அவள் அப்பா பிள்ளையைச் சித்தூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டினார். பத்து வயது தாண்டாது என்றார் அவர். வேதா பத்தைத் தாண்டினான், இருபதைத் தாண்டினான், ஊர் ஆந்திராவை விட்டு மெட்ராஸோடு சேர்ந்ததையும் பார்த்தான். சித்தூர் வைத்தியர்தான் முதலில் போனார்.

அவனுக்குப் பேச்சு ஒழுங்காக வராது. ஜெயம்மா என்பது 'ஜேம்மா'. அடித்தான் என்பது 'அச்சான்'. எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் அவனை 'மண்டு' என்று கூப்பிட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. தெருவே கேட்கும்படி, "ஜேம்மா! அச்சான்! ஜேம்மா! அச்சான்!" என்று கத்தினான். அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முன்பல் ஒன்று விழுந்தது. எப்படியும் விழ வேண்டிய பால்பல்தான் என்று என் அம்மா சமாதானம் சொன்னாள்.

அவளைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அம்மாவும் நைனாவும் அடுத்தடுத்துப் போய்விட, வேதாவையும் அவள் தன்னோடு அழைத்துக்கொண்டாள். புருஷன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் வேதா புதுப் பாயில் மூத்திரம் போய்விட்டான். அந்த மனுஷன் கோபத்தில் கன்னத்தில் அறைந்துவிட்டான். "ஜேம்மா! அச்சான்!" அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எரிகிற கட்டையை உருவிக்கொண்டே எழுந்து வந்தாள். புருஷனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது, கழுத்தில் தீக்காயம். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "தம்பிய எங்கனா விட்டுட்டு வா, வாழலாம்" என்றார்கள். அவள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு வேதாவின் கையைப் பிடித்து பஸ் ஏறிவிட்டாள். அது அறுபத்து நாலாம் வருஷம். பிறகு அவள் பொதட்டூர்பேட்டைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தறி நெய்தாள். அவனுக்கும் ஒரு வேலை இருந்தது. நாங்கள் காலையில் தறிக்கு ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். மாடோ நாயோ உள்ளே புகுந்தால் ஒரு மாச உழைப்பு நாசம். வேதா கையில் கழியோடு காவல் நிற்பான். "மாடு வது! மாடு வது!" என்று அவன் போடுகிற சத்தத்தில் மாடு மட்டுமில்லை, தபால்காரரும் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் மஞ்சள் வேட்டி கட்டிப் பூக்காவடி எடுப்பான். முந்நூற்றுச் சொச்சம் படி. எங்களுக்கெல்லாம் பாதியில் மூச்சு வாங்கும். அவன் நேராக மேலே போய் நின்று, கீழே நிற்கிற எங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

எண்பத்திரண்டு பொங்கலுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பார்த்தால் அறுபது சொல்லலாம். தலை மொத்தமும் வெளுத்து, முதுகு வளைந்துவிட்டது. செத்துப் போன நைனா எங்கே என்று கேட்டான். சாப்பிட்ட கையோடு சோறு கேட்டான். கண்ணாடியில் தெரிந்த கிழவனைப் பார்த்துப் பயந்து, கண்ணாடியைக் குத்தி உடைத்துக் கையெல்லாம் ரத்தம். வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று நிலைச்சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வான். அவள் இழுத்தால் கடிப்பான். அவள் இரண்டு முழங்கையிலும் பல் தடம் ஆறாமல் கிடந்தது. ஒரு நாள் கொதிக்கிற கஞ்சிச் சட்டியை அவள் மேலேயே தள்ளிவிட்டான். தொடை வெந்து தோல் உரிந்தது. அப்போதும் அவனை அடிக்கவில்லை. சுவரில் குத்தினாள். அந்த வீட்டு மண்சுவரில் அவள் கை பட்டுப் பெயர்ந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று அவளுக்கு. தறியில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவாள். உதவிக்கு யார் போனோம்? நான் போகவில்லை. எதிர் வீடு எனக்கு.

நான் செய்தது வேறு. மாசி மாசம் என்னுடைய பாவு தெருவில் கட்டியிருந்தது. காவலுக்கு வழக்கம்போல வேதாவை வெளியே இழுத்துவந்து நிறுத்தினோம். அவன் நூல்களுக்குக் கீழே விழுந்திருந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று அலறினான். கழியால் பாவை அடிக்க ஆரம்பித்தான். நூல் அறுந்து சுருண்டது, கட்டைகள் சாய்ந்தன. எனக்குக் கண் மண் தெரியவில்லை. கழியைப் பிடுங்கி அவன் காலில், இடுப்பில், கை மேல் விளாசிவிட்டேன். "ஜேம்மா! அச்சான்!" அன்றைக்கு வாங்கிய அடியில் என் இடது காது மூன்று நாள் கேட்கவில்லை. அது இரண்டாவது அடி.

அந்தக் காது வலியோடுதான் நான் ஒரு வார்த்தை சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை எழுதக் கை கூசுகிறது.

"அக்கா, கோச்சிக்காத. வாசப்படிய மிதிக்க மாட்டேன்றான். கண்ணாடிய பாக்க மாட்டேன்றான். நெழல பாத்து அலர்றான். இது நம்ம வேதா இல்ல. உள்ள எதுவோ பூந்துகினு கீது."

அவள் அடிப்பாள் என்று ஒதுங்கி நின்றேன். அடிக்கவில்லை. "அப்டியாடா ஆறுமுகம்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. பேய் என்றால் ஓட்டிவிடலாம், பழைய வேதா திரும்பி வந்துவிடுவான் என்கிற ஆசை.

"ஆடிக் கிருத்திகைக்கு மல மேல இட்டுகினு போவலாம். உள்ள கீறது மட்டும் முருகன் படிய மிதிக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

ஆடிக் கிருத்திகை அன்று அடிவாரத்தில் கூட்டம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பை, உடுக்கை, அரோகரா. ஜெயம்மா அவனைக் குளத்தில் குளிக்க வைத்து, மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் பூக்காவடியை வைத்தாள். பூ வாசனைக்கு அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. முதல் படி வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தான். படியைப் பார்த்ததும் நின்றான்.

"ஏறுடா கண்ணு" என்றாள்.

அவன் காலை முன்னே நீட்டி, காற்றில் எதையோ தேடுகிறவன் மாதிரி அளைந்து, பின்னால் இழுத்துக்கொண்டான். பின்னாலிருந்த கூட்டம் தள்ளியது. காவடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான். தூக்க வந்த ஒருவன் கையைக் கடித்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். பக்கத்தில் பம்பைக்காரன் வீரபத்திரன் இருந்தான். பேயோட்டுவதில் பேர் போன ஆள், இடுப்பில் சாட்டை.

"படிய மிதிக்காதா?" என்று வீரபத்திரன் கேட்டான்.

"மிதிக்கல" என்றேன் நான். நான்தான் சொன்னேன்.

நாலு பேர் அவனை மல்லாத்தினோம். நான் வலது காலைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள்ளேயே பம்பை அடித்தார்கள். வேப்பிலைக் கொத்தால் முகத்தில் விளாசினான் வீரபத்திரன். சாட்டை ஒரு முறை இறங்கியதும் ஜெயம்மா பாய்ந்து அவன் தலைமயிரைப் பிடித்துவிட்டாள். "என் தம்பிய அடிச்ச, கொன்னுடுவேன்!"

வீரபத்திரன் கோபப்படவில்லை. தொழில் தெரிந்தவன். "தம்பிய யாரும்மா அடிக்கிறாங்க? உள்ள கீறத அடிக்கறோம். நான் அடிச்சா அது போவாது போல. கூடப் பொறந்த ரத்தம் அடிக்கணும். நீ அடி. உன் கைக்குத்தான் போவும். தம்பி வேணும்னா அடி!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

முதல் அடி தயங்கித்தான் விழுந்தது. இரண்டாவது அடிக்கு, "போ! போ!" என்று கத்தினாள். அப்புறம் கை நிற்கவில்லை. கன்னம், வாய், மார்பு, மறுபடி கன்னம். பேயை அடிக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தாள். நடுவில் ஓர் இடத்தில் அது மாறியது. கஞ்சிச் சட்டிக்கு ஓர் அடி, முழங்கைக் கடிகளுக்கு ஓர் அடி, ஆறு மாசம் தூங்காததற்கு, பொதட்டூர்பேட்டைக்கு, பிள்ளை குட்டி இல்லாமல் போனதற்கு. கிட்டத்தில் இருந்த எனக்கு அவள் முகம் மாறியது தெரிந்தது. தெரிந்தும் காலை விடவில்லை நான்.

வேதாவின் உதடு கிழிந்தது. புருவம் படிக்கல்லில் மோதிப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்க, கூட்டத்தைப் பார்த்து, மலையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஜேம்மா! அச்சாங்க! ஜேம்மா! ஜேம்மா! வா!"

அடிக்கிற கையைத் தவிர்த்து அவன் தேடிக்கொண்டிருந்தது அவளைத்தான். நாற்பது வருஷமாகக் கூப்பிட்ட உடனே வந்தவள் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை.

ஜெயம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. ஓங்கியது இறங்காமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பம்பையும் நின்றுவிட்டது. வீரபத்திரன், "அவ்ளோதான், போயிடுச்சி" என்று சொல்லிக் கற்பூரம் கேட்டான்.

புருவத்தைத் தைக்க அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வயசான டாக்டர். தையல் போட்டுவிட்டு வேதாவின் கண், காது, உள்ளங்கை ரேகை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ஜெயம்மா ஒன்று விடாமல் சொன்னாள். தான் அடித்ததையும் சொன்னாள்.

"இது பிறவியில வர்றதும்மா. டவுன் சிண்ட்ரோம்னு பேரு" என்றார்.

"டவுன்ல பொறக்கல சார். வூட்லதான் பொறந்தான்" என்றாள் ஜெயம்மா.

அவர் சிரிக்கவில்லை. "இவங்களுக்கு சீக்கிரமே வயசாயிடும். நாப்பதுலயே மூளை தேய ஆரம்பிச்சுடும். மறதி வரும், பயம் வரும், கோபம் வரும். கண்ணு நல்லாத்தான் இருக்கும், ஆனா எது மேடு எது பள்ளம்னு மூளைக்குப் புரியாது. ஒரு படியைப் பாத்தா கிணத்து விளிம்புல நிக்கிற மாதிரி இருக்கும். தரையில நிழல் விழுந்தா குழின்னு நினைப்பாங்க. நீங்க ஏறு ஏறுன்னு தள்ளினது, அவருக்குக் கிணத்துல குதின்னு சொன்ன மாதிரி."

"பேய் இல்லீங்களா சார்?"

"இல்லம்மா."

"சரியாயிடுமா?"

"ஆகாது. இன்னும் மோசமாகும். பயப்படாம பாத்துக்கோங்க. அது ஒண்ணுதான் நம்மால முடியும்."

ஜெயம்மா எழுந்தாள். டாக்டர் முன்னாலேயே என்னை ஓர் அறை அறைந்தாள். மூன்றாவது அடி. அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் அடிப்பாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பிப் போய் வேதாவின் வேட்டியைச் சரி பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் கடப்பாரையை எடுத்தாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த வாசற்படிக் கட்டையை, வெள்ளிக்கிழமை அதுவுமாக, நாலே குத்தில் பெயர்த்துத் தெருவில் எறிந்தாள். "அடிப்பாவி, லட்சுமி குந்தற எடம்டி!" என்று எதிர் வரிசை வரலட்சுமி அலறினாள். ஜெயம்மா காதில் வாங்கவில்லை. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மிதித்துத் தெருவையும் வீட்டையும் ஒரே தரையாக்கினாள். வேதா தயங்கித் தயங்கி வெளியே வந்தான். ஏழு மாசத்துக்கு அப்புறம் தானாக வெளியே வந்தான்.

அன்றைக்கு மத்தியானம்தான் மற்றது தெரிந்தது. நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, உருட்டி, "ஆ காட்டு" என்று கையை அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"சோறுடா. சோறு."

கை கிட்டே போகப் போக அவன் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். "ஜேம்மா, அச்சாங்க, ஜேம்மா" என்று முனகினான். அவனுக்கு நைனா செத்தது மறந்துவிட்டது. என் பேர் மறந்துவிட்டது. தன் முகமே மறந்துவிட்டது. அந்தக் கை மட்டும் மறக்கவில்லை.

ஜெயம்மா உருண்டையைத் தட்டில் போட்டாள். ரொம்ப நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. எழுந்து போய், இடது கையைச் சீயக்காய் போட்டு மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவினாள். வலது கையை முந்தானைக்குள் சொருகி முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டாள். இடது கையால் ஒரு உருண்டை எடுத்தாள். பழக்கமில்லாத கை, பாதி சிந்தியது. வேதா விரல் இடுக்கு வழியே பார்த்தான். வாயைத் திறந்தான்.

இடது கையால் சோறு ஊட்டுகிறாள் என்று தெருவே முகம் சுளித்தது. பேய் இப்போது அவளையும் பிடித்துவிட்டது என்றார்கள். வீரபத்திரனைத் தேடிப் போய் மண்டையை உடைப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் போகவில்லை. அதற்கப்புறம் அந்தக் கையை அவள் யார் மேலும் ஓங்கவில்லை. தறியில் கயிறு இழுக்க மட்டும் வைத்துக்கொண்டாள். ராத்திரிகளில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள நான் போனேன். அவன் என்னையும் கடித்தான். காலில் விளாசியதற்கும், பிடித்துக்கொண்டதற்கும் கடிக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்திருக்காது.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. நடை நின்றது. பேச்சு நின்றது. அடிக்கடி இழுப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கும். கடைசியில் 'ஜேம்மா' என்கிற வார்த்தையும் போய்விட்டது. ஆனால் வலது கை தப்பித் தவறி முகத்துக்கு நேரே வந்துவிட்டால், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். மூன்று வருஷம். எண்பத்தைந்து கார்த்திகையில், விழுங்கத் தெரியாமல் போன சோறு மார்பில் இறங்கி, காய்ச்சல் கண்டு செத்துப் போனான்.

கூடத்தில் கிடத்திக் குளிப்பாட்டி, மஞ்சள் வேட்டி போர்த்தினோம். வாய்க்கரிசி போட முதலில் ஜெயம்மாவைக் கூப்பிட்டார்கள். தட்டிலிருந்து இடது கையால் அரிசியை அள்ளினாள். சடங்கை எடுத்துச் செய்துகொண்டிருந்த சுந்தரமூர்த்தி பெரியவர் பதறிவிட்டார்.

"யம்மா, சோத்தாங்கையால போடும்மா. பொணத்துக்கு பீச்சாங்கையால போடக் கூடாது. அவன் போற எடம் நல்லாருக்க வேணாமா?"

நாங்கள் எல்லோரும் ஓரடி நகர்ந்துகொண்டோம். பெரியவருக்கு இன்றைக்கு இருக்கிறது என்றே நினைத்தேன். ஜெயம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வலது கை முந்தானைக்குள்தான் இருந்தது.

"அந்தக் கைய கண்டா பயந்துக்குவாண்ணே" என்றாள்.

குனிந்து மூன்று தடவை போட்டாள். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. அதற்குள் அந்தக் கைக்கு நன்றாகப் பழகியிருந்தது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வலது கையால் அரிசியை அள்ளிக்கொண்டு போய் அவன் தலைமாட்டில் நின்றேன். புருவத்தில் தையல் போட்ட தழும்பு அப்படியே இருந்தது. அரிசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.